விளங்காத பிள்ளைகளின் வாங்கு

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடவைத்தவள் நான். நான் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரே ஒரு சொல் சொன்னேன். அந்தச் சொல்தான் காரணம் என்று தெரிந்த பிறகும், பழியை அவளுடைய தாயின் தலையில் போட்டு ஆய்வேடு எழுதினேன். அந்த ஆய்வேட்டுக்கு முதுமாணிப் பட்டம் தந்தார்கள். பட்டத்தைக் காட்டியதும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் வேலை தந்தார்கள். அந்த வேலையில் இருந்துகொண்டு, அதே பொய்யைப் பாடமாகவும் நடத்தினேன்.

சொல்லிவிட்டேன்! சொன்னால் பாரம் குறையும் என்பார்கள்... எனக்குக் குறையவில்லை. ஆகவே முழுவதையும் சொல்கிறேன்.

நீங்கள் ஆசிரியராக இருந்தால், என் வகுப்பில் இருந்தவராகவும் இருக்கலாம். மேசை விளிம்பில் சாய்ந்து நின்று, குரலை மாற்றி மாற்றிப் பேசி, எல்லோரையும் சிரிக்கவைத்த அந்த மிஸ் நான்தான். அப்படியானால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். அதற்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன். சிரிக்கும்படி நடித்தவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்குப் போகும் ஒரு குறுக்குத் தெருவில், மேல் மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரர் குடும்பம். புறக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளிக் குடும்பம் அது. வீட்டுக்கார அம்மாளை மீனாட்சி அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை டீச்சரம்மா என்பார்.

அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் ஆசிரியத் தொழிலைத் திருத்தப் பிறந்தவள் என்ற நினைப்பு இருந்தது. என்ன நினைப்பு, பாருங்கள்!

அந்த நினைப்புக்கு ஒரு காரணமும் இருந்தது. என் தம்பியை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் "மொக்கு" என்று கூப்பிட்டார். மந்தப்புத்திக்காரன் என்று அர்த்தம். வகுப்பும் கூப்பிட்டது, பிறகு தெருவும் கூப்பிட்டது. அவன் புத்தகத்தை மூடியவன் மூடியவன்தான். அவனுக்காகவே நான் ஆய்வு செய்ய வந்தேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். பாதி உண்மையாகவும் இருக்கும்.

என் ஆய்வின் பொருள் இதுதான்: வகுப்பறையில் பிள்ளைகளுக்கு நாம் சூட்டும் பெயர்கள் அவர்களுடைய கற்றலை என்ன செய்கின்றன? "மொக்கு", "மண்டு" போன்ற பெயர்களால் பிள்ளை சுருங்கிப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே இருத்திப் பரிகாரக் கற்பித்தல் செய்யவேண்டுமே? அவர்களை ஏதாவது ஒரு பெயரால் அழைக்கத்தானே வேண்டும்? வடுப்படுத்தாத, நிறமில்லாத ஒரு சொல்லைப் பயன்படுத்தினால் எந்தத் தீங்கும் வராது. இதுதான் என் கருதுகோள்.

அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட பாடு! "பலவீனமான" வேண்டாம். "மெல்லக் கற்கும்" வேண்டாம். அதுவும் ஒரு குத்தல்தான். கடைசியில், எங்கள் ஊரில் ஆசிரியர்கள் நாளுக்கு நூறு தடவை சொல்லும் சொல் ஒன்றை எடுத்தேன். "விளங்கிச்சோ?" என்று கேட்போம். "ஓம், விளங்கிச்சுது" என்பார்கள் பிள்ளைகள். விளங்காதவர்களுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுப்போம். அவ்வளவுதான். தண்ணீரைப் போல ஒரு சொல் என்று நினைத்தேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் ஆண்டு வகுப்பை ஒரு தவணைக்கு எனக்குத் தந்தார்கள். வகுப்பாசிரியை ஜெசிந்தா டீச்சர் பின்னால் இருந்து அவதானிப்பார்; நான் கணக்குக் கற்பிப்பேன். ஒவ்வொரு சோதனைக்கும் பிறகு, யன்னல் பக்கத்து வாங்கில், அதாவது நீண்ட மர இருக்கையில், விளங்கின பிள்ளைகள் இருப்பார்கள். சுவர்ப் பக்கத்து வாங்கில் விளங்காத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு நான் தனியே சொல்லிக்கொடுப்பேன்.

விளங்காத பிள்ளைகள்! நீங்கள் தமிழ்நாட்டு வழக்கிலோ மலையக வழக்கிலோ வளர்ந்தவரானால் இப்போதே உங்களுக்கு உடம்பு கூசியிருக்கும். யாழ்ப்பாணத்தவரானால், இவள் எதற்கு இவ்வளவு அலட்டுகிறாள் என்று யோசிப்பீர்கள். நான் உங்களில் இரண்டாவது ரகம்.

யாழ்ப்பாணத்தாருக்கு விளங்காத பிள்ளை என்றால் பாடம் புரியாத பிள்ளை. அந்த வகுப்பில் பாதிப் பேர் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள்; அவர்களுடைய வீடுகளில் அதற்கு வேறு அர்த்தம். உருப்படாத பிள்ளை. வீட்டுக்கு ஆகாத பிள்ளை. தொட்டது துலங்காது, கால் வைத்த இடம் பாழாய்ப் போகும்... அப்படி ஒரு பிள்ளை. தாய் தன் வாயால் சொல்ல அஞ்சும் சொல் அது.

இந்தியப் படங்களில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! காதில் விழுந்திருக்கும், மண்டையில் ஏறவில்லை. என் தமிழ்தான் தமிழ், மற்றதெல்லாம் பேச்சுவாக்கில் கெட்டுப்போன தமிழ் என்று வளர்க்கப்பட்டவள் நான். அந்தத் திமிரை ஒரு பெட்டியில் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுவந்திருந்தேன்.

ஜெசிந்தா டீச்சர் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவர் பல காலமாக யாழ்ப்பாணத்துப் பள்ளி அதிபர்களின் கீழே வேலை செய்தவர். அந்தச் சொல் அவருக்குப் பழகிவிட்டிருந்தது. பழகியிராவிட்டாலும் என்னிடம் சொல்லியிருப்பாரா? நான் கேட்கிற ஆளாக இருந்தேனா? அவரை இதற்குள் இழுக்க எனக்கு உரிமை இல்லை.

அந்த வகுப்பில் புஷ்பராணி என்று ஒருத்தி இருந்தாள். எட்டு வயது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, ஓயாத வாய். தகப்பன் புறக்கோட்டையில் நாட்டாமை, அதாவது மூட்டை தூக்கும் கூலியாளாக இருந்தவர். அவள் பிறந்த வருடமே லொறியிலிருந்து சரிந்த மூட்டைகளுக்கு அடியில் அகப்பட்டு இறந்துபோனார். தாய் ராசம்மா ஒரு மொத்தக் கடையில் வெங்காயம் தெரிந்தெடுத்துப் பிரிக்கும் வேலை செய்தாள். இவ்வளவையும் முதல் வாரமே குறித்துவைத்திருந்தேன். 'குடும்பப் பின்னணி' என்று தலைப்பிட்டு!

எனக்கு அப்போது சிங்களம் வராது. பள்ளிக்கூட வாசலில் அம்பரெல்லாக்காய் விற்பவனிடம் விலை கேட்கக்கூடத் தெரியாமல் நிற்பேன். புஷ்பராணி ஓடி வருவாள். "அய்யே, கீயத?" என்று அவனிடம் விலை கேட்டு, பேரம் பேசி, உப்பும் மிளகாய்த்தூளும் கூடப் போடச்சொல்லி, என் பக்கம் திரும்பித் தமிழில் விபரம் சொல்லுவாள். இரண்டு மொழிக்கு நடுவில் நின்று எனக்கு வழிகாட்டிய பிள்ளை அது. பெரிய ஆய்வாளர் எனக்கோ, ஒரு மொழிக்குள்ளேயே இருக்கும் இரண்டு தமிழ் தெரியவில்லை.

வகுத்தல் கணக்குச் சோதனையில் அவள் தவறினாள். பெயர்களை வாசித்தேன். "புஷ்பராணி, விளங்காத பிள்ளைகளின்ர வாங்குக்குப் போங்கோ" என்று சிரித்த முகத்தோடு சொன்னேன். எப்போதும் பிள்ளைகளைப் பன்மையில், மரியாதையாகத்தான் அழைப்பேன். அதுவும் என் ஆய்வுமுறையில் ஒரு பகுதி.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் இருந்தாள்.

அன்று முதல் அவள் வாய் திறக்கவில்லை. "புதிய இருக்கைக்குப் பழகும் காலம்" என்று எழுதிக்கொண்டேன். அடுத்த நாள் அம்பரெல்லாக்காய்காரனிடம் நான் தனியாகத்தான் நின்றேன். அதை எழுதவில்லை.

அந்த வாரக் கடைசியில், பள்ளிக்கூடம் விட்ட நேரம், ராசம்மா வந்தாள். வேலையிலிருந்து நேரே வந்திருக்கவேண்டும். சேலையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றாள். நாங்கள் பேசியது ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை. மறக்கக் கூடியதாக இருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

"எம்புள்ளைய வெளங்காத புள்ளைன்னு சொன்னது நீங்கதானுங்களா, டீச்சர்?"

"ஓம் அம்மா, நான்தான். பயப்பிட ஒண்டும் இல்லை. இந்த வகுப்பிலை இன்னும் கொஞ்சப் பேர் அப்பிடி இருக்கினம்."

"பாத்தாலே தெரியுதுங்களா?"

"பாத்துச் சொல்லேலாது. சோதினை வச்சுப் பாத்தனான். அதிலை வடிவாத் தெரிஞ்சுது."

அவள் மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு, "வீட்டுலயும் இவ அத்தை அப்படித்தான் சொல்லும். இவ பொறந்துதான் அவங்க அண்ணன் போயிட்டாருன்னு" என்றாள்.

கேட்டீர்களா? இதைவிடத் தெளிவாக ஒரு தாய் எப்படிச் சொல்லுவாள்! நான் எதைக் கேட்டேன் தெரியுமா? முதல் வசனத்தை மட்டும் கேட்டேன். இரண்டாவது வசனத்தை, படிக்காதவர்கள் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள் என்று ஒதுக்கிவிட்டேன். முதல் வசனம் எனக்கு இனித்தது. வீட்டிலேயே பிள்ளையின் கற்றல் சிரமத்தைக் கவனித்திருக்கிறார்கள்!

"பாத்தீங்களே! வீட்டிலையும் கவனிச்சிருக்கினம். அது நல்லதுதானே" என்றேன்.

"இது... மாறாதுங்களா, டீச்சர்?"

"சில பிள்ளையளுக்கு மாறும். சில பேருக்குக் கடைசி வரைக்கும் கஷ்டம்தான். உங்களிட்டைப் பொய் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை."

பொய் சொல்ல விருப்பம் இல்லையாம்! எனக்கு!

ராசம்மா தன் உள்ளங்கையால் மகளின் முகத்தை ஒரு தடவை துடைத்தாள். நெற்றியிலிருந்து நாடிவரை. பிறகு என்னைக் கும்பிட்டு, "வர்றேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். திங்கட்கிழமை புஷ்பராணி வரவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.

ஜெசிந்தா டீச்சர் அவர்களுடைய தோட்டத்துக்கு, அந்த நெருக்கமான வரிசை வீடுகளுக்கு, இரண்டு முறை போய்ப் பார்த்தார். "அந்தத் தாய் ஒரே பிடிவாதம், மிஸ். படிச்சு என்னத்த ஆகப்போகுது, வீட்டோட இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லுறா" என்று வந்து சொன்னார். நான் போகவில்லை. ஆய்வாளர் களத்தில் தலையிடக் கூடாது என்று ஒரு விதியை எடுத்துச் சொன்னேன். நல்ல விதி; சௌகரியமான விதி.

படிவத்தில் 'இடைவிலகல்' என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதினேன். காரணம்: பெற்றோருக்குக் கல்வியில் அக்கறையின்மை.

இதுவரை நடந்தது அறியாமை. அறியாமைக்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், தாயும் ஒருவேளை தந்திருப்பாள். அடுத்ததைக் கேளுங்கள்.

ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீர்க் கோப்பையோடு மாடிப்படியில் இறங்கிவந்தேன். கீழே மீனாட்சி அக்கா தொலைபேசியில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். கடையில் புதிதாகச் சேர்ந்த ஒருவனைப் பற்றிய பேச்சு. "அந்த வெளங்காத பய கை வச்சான், யாவாரமே படுத்துப்போச்சு!" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

நான் பகிடியாக, "அக்கா, அவனுக்கு விளங்காட்டில் ஆறுதலாச் சொல்லிக் குடுங்கோவன்" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அட டீச்சரம்மா! வெளங்காதவன்னா புரியாதவன்னு நெனச்சீங்களா? உருப்படாதவன்னு அர்த்தம். வெளங்காமூஞ்சி! காலையில அவன் மொகத்துல முழிச்சா அன்னைக்கு அடுப்பு எரியாது." கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டு, "பொம்பளைப் புள்ளையை யாராச்சும் அப்படிச் சொன்னா அத்தோட அவ வாழ்க்கை போச்சு, டீச்சரம்மா. நீங்க பாட்டுக்கு எங்கயும் சொல்லிவச்சுராதீங்க" என்றார்.

படியிலேயே இருந்துவிட்டேன். அவர் உள்ளே போன பிறகும், அந்த வகுப்பு வாசலில் நடந்த பேச்சை ஒவ்வொரு வசனமாக எடுத்து, இந்தப் புதிய அர்த்தத்தைப் போட்டுப் பார்த்தேன். பாத்தாலே தெரியுதுங்களா?... சோதினை வச்சுப் பாத்தனான்... மாறாதுங்களா?... கடைசி வரைக்கும்...

ஐயோ! ஒரு பட்டணத்துப் படித்த டீச்சர், சோதனை வைத்துப் பார்த்து, தகப்பனை விழுங்கிய பிள்ளை இதுதான் என்று அந்தத் தாய்க்கு உறுதிசெய்து அனுப்பியிருக்கிறாள்!

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். உண்மையாகவே போனேன். கோயில் பக்கத்துத் தரிப்பில் இறங்கி, அவர்களுடைய ஒழுங்கை, அந்தச் சிறு சந்தின் வாசல்வரை போனேன். அங்கேயிருந்து திரும்பி வந்தேன். அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி; அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்தால் என்னவும் நடக்கலாம். "சாவடியில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்று எனக்கே பல காலம் சொல்லிவந்தேன். அன்று என்னை யாரும் மறிக்கவில்லை. சாவடியில் நின்ற பையன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

ஏன் திரும்பினேன்? ராசம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமா? அதுவும்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. நான் போய்ச் சொல்லி, அந்தப் பிள்ளை திரும்பி வந்துவிட்டால், எதனால் போனாள் எதனால் வந்தாள் என்று எழுதவேண்டும். எழுதினால் என் கருதுகோள் பொய். நிறமில்லாத சொல்லுக்குத் தீங்கில்லை என்று நிறுவ வந்தவள், என் சொல்லாலேயே ஒரு பிள்ளையைத் துரத்தியிருக்கிறேன் என்று எப்படி எழுதுவது?

இப்போது யோசித்தால்... அப்படி எழுதியிருந்தால் அதுதான் உண்மையான ஆய்வாக இருந்திருக்கும்! என் வாழ்நாளில் நான் கண்ட ஒரேயொரு கண்டுபிடிப்பு அதுதான். அதை மறைத்துவிட்டு, மீதியை விற்றேன்.

என் மேற்பார்வையாளர் இடைவிலகல் அத்தியாயத்தை வாசித்துவிட்டு, "இதுதான் உங்கட ஆய்வின்ர உயிர். இந்தத் தாயை இன்னும் கொஞ்சம் விரிவா எழுதுங்கோ" என்றார். விரிவாக எழுதினேன். படிச்சு என்னத்த ஆகப்போகுது என்று அவள் சொன்னதை மேற்கோள் குறிக்குள் போட்டேன். பிள்ளையின் முகத்தைத் துடைத்ததை விட்டுவிட்டேன்.

பிறகு எல்லாம் ஏறுமுகம்தான். ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கைநூல் ஒன்றில் என் ஆய்வின் சுருக்கம் வந்தது. 'விளங்கிய பிள்ளைகள், விளங்காத பிள்ளைகள்: வடுப்படுத்தாத குழுவாக்கம்' என்று தலைப்பு. வடக்கிலிருந்தும், மட்டக்களப்பிலிருந்தும், புத்தளத்திலிருந்தும், மலையகத்திலிருந்தும் ஆசிரியர்கள் பயிற்சிக்கு வருவார்கள். எல்லோருக்கும் அதைப் படிப்பித்தேன். அவர்கள் அதை எத்தனை வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனார்கள்? எத்தனை சுவரோரங்களில் எத்தனை வாங்குகளைப் போட்டார்கள்? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

இதைவிட ஒரு கேவலம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலமே பொய்.

'பெற்றோர் ஒத்துழைப்பு' என்ற பாடத்தில் ராசம்மாவை நடித்துக் காட்டுவேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, தலையைச் சாய்த்து, "படிச்சு என்னத்தங்க ஆகப்போகுது, டீச்சர்?" என்று அவளுடைய குரலில் கேட்பேன். மண்டபம் அதிரச் சிரிப்பார்கள். ஒவ்வொரு வருடமும் நடிப்பு மெருகேறியது. பழைய மாணவர்கள் தெருவில் கண்டால்கூட, "மிஸ், அந்தக் கொட்டாஞ்சேனை அம்மாவைச் செய்யுங்கோ" என்று கேட்பார்கள். நானும் காலி வீதியில் நின்று செய்திருக்கிறேன்.

ஒரு முறை ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆசிரிய மாணவி சிரிக்கவில்லை. கையை உயர்த்தி எழுந்தாள். "மிஸ், எங்க பக்கம் வெளங்காத புள்ளைன்னா வேற அர்த்தம்..." என்று தொடங்கினாள்.

நான் அவளை முடிக்கவிடவில்லை. "வழக்குச் சொல் வேறு, கலைச்சொல் வேறு. ஆசிரியர் முதலில் நல்ல தமிழ் கதைக்கப் பழகவேணும். இருங்கோ" என்றேன். மண்டபம் அதற்கும் சிரித்தது. அவள் காது சிவக்க இருந்தாள். ஓய்வுபெறும்வரை வேறு யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

நானாக உண்மையைத் தேடிப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். போன வருடம் என் அக்காவின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. கூறைச் சேலைக்குப் பிளவுஸ் தைக்கவேண்டும். பிள்ளைக்கு வெள்ளவத்தைத் தையற்காரர் ஒருவரையும் பிடிக்கவில்லை. "சித்தி, கொட்டாஞ்சேனையிலை புஷ்பா அக்கா எண்டு ஒராள் இருக்கிறா. அவவின்ர கை மாதிரி வராதாம். ஆனா கலியாணப் பிளவுஸ் மட்டும் எடுக்கமாட்டாவாம். நீங்கள் ஒருக்கா வந்து கேட்டுப் பாருங்கோ, டீச்சர் எண்டால் மறுக்கமாட்டா" என்றாள்.

புஷ்பா என்று எத்தனையோ பேர். ஆனாலும் பஸ்ஸில் போகும்போதே வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். படியேறி மாடி வீட்டு வாசலில் நிற்கும்போது தெரிந்துவிட்டது. நாற்பதை நெருங்கும் பெண். தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தாள். நிமிர்ந்து பார்த்த கண் அதே கண். அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

அக்காவின் மகள் துணியை விரித்துக் காட்டினாள். புஷ்பராணி அதைத் தொடாமலே, "சாதா பிளவுஸ்னா எத்தனை வேணும்னாலும் தைச்சுத் தாறேன், தங்கச்சி. இது முகூர்த்தத் துணி. என் கை படக்கூடாது" என்றாள். கோபமோ துக்கமோ இல்லாமல், கடை இன்று பூட்டு என்று சொல்வது போலச் சொன்னாள்.

அக்காவின் மகளை, கீழே போய்க் கொஞ்சம் நிற்கச் சொன்னேன். அவள் போனதும், நான் யார் என்று புஷ்பராணியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊர்த் தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், நான் எதை நினைத்துச் சொன்னேன், உங்கள் அம்மாவின் காதில் அது எப்படி விழுந்தது, எனக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தேன்... நடித்துக் காட்டியதையும் சொன்னேன். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"அம்மா போயி மூணு வருசம் ஆச்சு" என்றாள். "கடைசி வரைக்கும் என்னை வெள்ளிக்கிழமையில எங்கயும் அனுப்பாது. யாரும் எதும் சொல்லிருவாங்களோன்னு அதுக்குப் பயம். தம்பிமுறைப் பையனுக்கு வத்தளையில கல்யாணம். நான் மண்டபத்துக்கு வெளியவே நின்னு பாத்துட்டு வந்தேன். உள்ள வான்னுதான் கூப்புட்டாங்க. நானாத்தான் போகல."

கொஞ்ச நேரம் நூல்கட்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அன்னைக்கு எனக்குப் புரியாமப் போனது என்ன கணக்கு, டீச்சர்?"

எனக்கு ஞாபகம் இருந்தது. "பதினேழை அஞ்சாலை பிரிக்கிறது" என்றேன்.

"மூணு. மிச்சம் ரெண்டு" என்றாள் உடனே. என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கா?"

"ஓம்" என்றேன்.

வேறு என்ன சொல்ல? ஓம், இதற்குத்தான்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். சுயநலம்தான், எனக்குத் தெரியும். துணியை எடுத்து அவள் மடியில் வைத்து, "நீங்கள்தான் தைக்கவேணும், புஷ்பராணி. எங்கட பிள்ளை உங்கட கையாலை தைச்சதைத்தான் மணவறையிலை உடுக்கவேணும்" என்று கெஞ்சினேன். அவள் தைத்துத் தந்தால் என் கணக்கில் ஒரு சிறு பகுதியாவது தீரும் என்று நினைத்தேன்.

அவள் துணியைத் தடவிப் பார்த்தாள். தையல்காரியின் விரல்கள், கரையையும் நூலையும் தானாகவே சோதித்தன. தைக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். பிறகு மடிப்புக் கலையாமல் மடித்து, பைக்குள் வைத்து, என்னிடம் நீட்டினாள்.

"நீங்க சொன்னதை நம்புறேன், டீச்சர்" என்றாள். "ஆனா தங்கச்சி நல்லா இருக்கணும். வேற எடத்துல குடுங்க."

பையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன். அக்காவின் மகள், "என்ன சித்தி, ஓம் எண்டவவோ?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.